மரம் யாருடையது? ஆப்பிரிக்காவின் சுற்றுச்சூழல் சிக்கல்களுக்கு ஓர் அறிமுகம்

ஆப்பிரிக்காவின் சுற்றுச்சூழல் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு படம் தயாராக இருக்கும். வெடித்துக் கிடக்கும் நிலம், எலும்பும் தோலுமாக ஒரு மாடு, தெற்கே ஊர்ந்து வரும் சஹாரா மணல். காரணங்களும் அந்தப் படத்தோடேயே ஒட்டிக்கொண்டு வரும்: மழை இல்லை, மக்கள்தொகை அதிகம், ஏழைகள் மரத்தை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரே மழை, ஒரே மண், அதே அளவு ஏழ்மை உள்ள இரண்டு ஊர்களில் ஒன்று பசுமையாகவும் மற்றது பொட்டலாகவும் இருப்பது ஏன் என்று கேட்டால் இந்த மூன்றும் கைகொடுக்காது.

54 நாடுகள், ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர், 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். இத்தனையையும் ஒரு கட்டுரையில் அடக்க முடியாது. அதனால் சஹேல் என்னும் ஒரு பகுதியை மட்டும் நின்று பார்க்கலாம். அங்கே கிடைக்கும் ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு மற்ற சில இடங்களை வேகமாகக் கடந்து போகலாம்.

சஹேல் என்பது சஹாராவுக்குத் தெற்கே, மேற்கில் செனகலில் தொடங்கி மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், சாட் வழியாகக் கிழக்கே சூடான் வரை நீளும் ஒரு பட்டை. ஆண்டு மழை 200 முதல் 600 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். கம்பு, சோளம், தட்டைப்பயறு விளையும். நாம் கூழாகக் குடிக்கும் கம்பு முதன்முதலில் பயிராக்கப்பட்டது இந்தப் பக்கத்தில்தான்; இந்தியாவுக்கு அது வந்து சேர்ந்ததே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. எனவே இது எதுவும் விளையாத பாழ்நிலம் அல்ல. விதைப்பவர்களும் மேய்ப்பவர்களும் மாறி மாறிப் பயன்படுத்திய நிலம். அறுவடை முடிந்த கம்பங்காட்டில் ஃபுலானி மேய்ப்பர்களின் மாடுகள் தட்டையைத் தின்று, இரவில் கிடை கிடந்து, சாணத்தை விட்டுப் போகும். காட்டுக்காரருக்கு எரு, மேய்ப்பருக்குத் தீவனம்.

பாலைவனம் தெற்கே நகர்ந்து வருகிறது என்ற அச்சம் பழையது. இந்திய வனத்துறையில் வேலை பார்த்துவிட்டு எடின்பரோவில் பேராசிரியரான எட்வர்ட் ஸ்டெப்பிங், மேற்கு ஆப்பிரிக்காவில் பயணம் செய்துவிட்டு 1935-ல் இதை எச்சரிக்கையாக எழுதினார். அவர் போனது வறண்ட பருவத்தில். அதையொட்டி 1936-37-ல் ஆய்வு செய்த பிரிட்டிஷ்-பிரெஞ்சு வனவியல் குழு, பாலைவனம் அப்படி முன்னேறுவதற்குச் சான்று இல்லை என்றது. ஆனாலும் கதை சாகவில்லை. 1975-ல் ஹியூ லாம்ப்ரே என்பவர் சூடானில் பார்த்துவிட்டு, 17 ஆண்டுகளில் பாலைவனத்தின் விளிம்பு 90 முதல் 100 கிலோமீட்டர் வரை தெற்கே வந்துவிட்டதாகக் கணக்கிட்டார். பிறகு செயற்கைக்கோள் படங்கள் கிடைத்தன. 1980-லிருந்து ஆண்டுதோறும் பார்த்ததில், பச்சையின் எல்லை 1984 வரை தெற்கே இறங்கியதும், மழை திரும்பியதும் மறுபடி வடக்கே ஏறியதும் தெரிந்தது. அந்த எல்லை மழைக்கேற்ப நகர்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பாலைவனமாதல் என்பது பொய்யா? இல்லை. அது நடப்பது வேறு விதமாக. ஓரத்திலிருந்து மணல் வந்து மூடுவதில்லை. ஊருக்கு நடுவே, பாலைவனத்திலிருந்து வெகு தொலைவில்கூட, ஒவ்வொரு துண்டு நிலமாகச் செத்துப்போகிறது. முன்பெல்லாம் ஒரு நிலத்தைச் சில ஆண்டு உழுதுவிட்டுப் பல ஆண்டு தரிசாகப் போட்டுவைப்பார்கள். அந்தக் காலத்தில் புதர் முளைக்கும், இலை உதிரும், மண் தேறும். காலனி ஆட்சியில் வரிகட்டப் பணம் வேண்டியிருந்தது. அதற்காக நிலக்கடலை பயிரிடப்பட்டது. பிறகு மக்கள் பெருகினார்கள். தரிசு போடும் காலம் சுருங்கிக்கொண்டே வந்து பல இடங்களில் இல்லாமலே போனது. மரமும் புதரும் இல்லாத மண்ணின்மேல் முதல் மழை நேராக அடிக்கும். நுண்ணிய மண்துகள்கள் கலைந்து படிந்து, மேலே பொருக்குத் தட்டிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது, வழிந்தோடிவிடும். பயிர் வாடும்போது வானத்தைக் குறை சொல்வோம், மழையோ பெய்திருக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நைஜரின் தலைநகரான நியாமேயைச் சுற்றியுள்ள பகுதியில், மழை குறைந்த பத்தாண்டுகளிலேயே நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. பொருக்குத் தட்டிய நிலத்திலிருந்து வழிந்த நீர் குட்டைகளில் தேங்கி, அங்கிருந்து கீழே இறங்கியதுதான் காரணம். வயலுக்கு வேண்டிய நீர் வயலில் நிற்கவில்லை. வறட்சி வேறு, நிலம் கெடுவது வேறு என்று புரிய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வறட்சியும் வந்ததுதான். 1968-லிருந்து 1973 வரை ஒன்று, 1983-85-ல் இன்னொன்று. முதல் வறட்சியில் ஒரு லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அன்று பழி மேய்ப்பர்கள் மேல் விழுந்தது. மாடுகள் புல்லை மேய்ந்து நிலத்தை வெறுமையாக்கியதால் சூரிய ஒளி அதிகமாகத் திருப்பி அனுப்பப்பட்டு, மேகம் உருவாவது குறைந்தது என்று 1975-ல் ஒரு கோட்பாடு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2003 வாக்கில் காலநிலையின் கணினி மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின: கடல் மேற்பரப்பின் வெப்பநிலை மாற்றங்களை மட்டும் உள்ளே கொடுத்தாலே சஹேலின் வறட்சி பெருமளவு அப்படியே வெளியே வருகிறது. அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும்தான் முதன்மைக் காரணம். அதிலும் ஒரு பங்கு, ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் நிலக்கரி எரித்துக் கக்கிய கந்தகத் துகள்களுக்கு உண்டு. அவை வட அட்லாண்டிக்கைக் குளிர்வித்தன. மழைப்பட்டை தெற்கே இறங்கியது. அந்த நாடுகள் தங்கள் காற்றைத் தூய்மைப்படுத்தச் சட்டம் போட்டபின் சஹேலில் மழை ஓரளவு திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். மாடு மேய்த்தவர்தான் மழையைக் கெடுத்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, உண்மையில் புகைபோக்கி எங்கேயோ இருந்திருக்கிறது.

இனி மரத்துக்கு வருவோம்.

1935-ல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஒரு வன ஆணை வந்தது. அதன் சாரம்: பெறுமானமுள்ள மரங்கள் அரசுடையவை. உங்கள் வயலில், நீங்கள் உழும் மண்ணில், உங்கள் அப்பா காலத்திலிருந்து நிற்கும் மரமாக இருக்கலாம். கிளையைக் கழிப்பதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். இல்லையென்றால் அபராதம். 1960-ல் நைஜர் விடுதலை பெற்றது. சட்டத்தின் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. இந்த நிலையில் ஒரு விவசாயி என்ன செய்வார்? வயலில் ஒரு கன்று தானாக முளைத்தால், அது மரமாகி வனக்காவலரை வரவழைக்கும் முன் பிடுங்கிப் போட்டுவிடுவார். இதை அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு இது கணக்குத் தெரிந்தவர் செய்யும் வேலையாகத்தான் தெரிகிறது.

அரசும் உதவி நிறுவனங்களும் இன்னொரு பக்கம் கன்று நட்டுக்கொண்டிருந்தன. நட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. நைஜரின் மராடி பகுதியில் அந்த வேலையில் இருந்தவர் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் பணியாளர். 1983-ல் ஒருநாள் வண்டியின் டயர்க் காற்றைக் குறைப்பதற்காக மணற்பாதையில் நின்றபோது, வெறும் புதர் என்று நினைத்துக் கடந்துபோன ஒன்றின் இலையை உற்றுப் பார்த்தார். அது புதர் அல்ல, வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வந்த தளிர். வயல் முழுக்க அப்படி ஆயிரக்கணக்கான கட்டைகள் மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் விதைப்புக்கு முன் அவற்றைச் செதுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு கட்டையிலிருந்து வரும் தளிர்களில் நல்லதாக மூன்று நான்கை மட்டும் விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். விட்டவற்றைக் கவாத்து செய்து நேராக வளர்க்க வேண்டும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் நீர் ஊற்ற வேண்டாம். நாற்றங்கால் வேண்டாம், வேலி வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் சிலர் முன்பே இப்படிச் செய்து வந்தவர்கள்தான். புதிதாக வந்தது அதைப் பரப்பும் முயற்சியும், அதைவிட முக்கியமாக, வனத்துறையின் நெகிழ்வும். 1980-களின் நடுவில், வயல் மரத்தை வளர்ப்பவரே வெட்டிக்கொள்ளட்டும் என்று மராடி அதிகாரிகள் கண்டும் காணாமல் விடத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஊர் ஊராகப் பரவியது.

அங்கே எல்லோரும் விரும்பும் மரம் காவோ. வேல மர வகைக்கு உறவு. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, கோடையில் தழைக்கும் வினோதப் பழக்கம் அதற்கு. அதனால் கம்பு வளரும்போது நிழல் விழாது. தீவனம் இல்லாத மாதங்களில் காய் கிடைக்கும். வேர் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும். 2000-க்குப் பிறகு செயற்கைக்கோள் படங்களையும் வான்படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், தெற்கு நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரங்கள் திரும்பியிருப்பதாகக் கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 130 லட்சம் ஹெக்டேர். உலகின் மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்றில், மக்கள்தொகை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது. 'மக்கள் பெருகினால் மரம் அழியும்' என்ற சூத்திரத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள்.

புர்கினா ஃபாசோவின் யாதெங்கா பகுதியில் யாகூபா சவாடோகோ என்ற விவசாயி செய்தது பொருக்குக்கு மருந்து. 'ஸாய்' என்பது அங்கே பழைய வழக்கம்: கெட்டிப்பட்ட நிலத்தில் சிறு குழிகள் தோண்டி விதைப்பது. அவர் குழியை இன்னும் ஆழமாக்கி, கோடையிலேயே எருவைப் போட்டுவைத்தார். எருவைத் தேடிக் கறையான் வரும். அது குடைந்த வழிகளில் மழைநீர் இறங்கும். நாம் மருந்தடித்துக் கொல்லும் கறையான் அங்கே கூலியில்லாமல் உழுகிறது. பயிரோடு மரமும் முளைக்க, அவற்றையும் விட்டு வளர்த்து ஒரு காட்டையே உண்டாக்கினார். ரினாடோவுக்கும் அவருக்கும் 2018-ல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. ஆனால் அருகிலுள்ள வாஹிகூயா நகரம் விரிந்தபோது அந்தக் காட்டின் ஒரு பகுதி வீட்டு மனைகளாக அளக்கப்பட்டது. பல ஆண்டு உழைத்து வளர்த்த காட்டுக்கு அவரிடம் பட்டா இல்லை. 2023 டிசம்பரில் அவர் காலமானார்.

இதோடு ஒப்பிட வேண்டியது 'பெரும் பசுமைச் சுவர்'. 2007-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்ற திட்டம். செனகலிலிருந்து ஜிபூட்டி வரை ஏறத்தாழ 8,000 கிலோமீட்டருக்கு மரங்களின் பட்டை. சுவர் என்ற எண்ணமே, மணல் படையெடுத்து வருகிறது என்ற பழைய கதையிலிருந்து பிறந்தது. பின்னர் திட்டக்காரர்களே அதை மாற்றி, பல நாடுகளில் நிலத்தை மீட்கும் வேலைகளின் தொகுப்பு என்று விளக்கினார்கள். 2030-க்குள் 10 கோடி ஹெக்டேர் மீட்பது இலக்கு. 2020-ல் வந்த மதிப்பீட்டின்படி சுவருக்கென வகுத்த பகுதியில் முடிந்தது சுமார் 40 லட்சம் ஹெக்டேர். பணம் ஒரு சிக்கல், மாலியிலும் புர்கினாவிலும் நடக்கும் ஆயுத மோதல் இன்னொன்று. நைஜரில் விழாவும் விளம்பரமும் இல்லாமல் விவசாயிகள் செய்தது அதுவரை முடிந்த அந்தச் சுவரைவிடப் பெரிது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

மரத்தை நடுவது மட்டும் போதாது என்பதற்குக் கென்யாவிலிருந்து ஒரு கதை. 1980-களில் பாரிங்கோ ஏரிப் பக்கம் பாலைவனமாவதைத் தடுக்கவும் விறகுக்காகவும் ஒரு மரத்தைக் கொண்டுவந்து பரப்பினார்கள். உள்ளூரில் அதன் பெயர் மதெங்கே. நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலம்தான் அது. ராமநாதபுரத்தில் என்ன செய்ததோ அதையே அங்கும் செய்தது: மேய்ச்சல் நிலத்தை மூடியது, முள்ளால் வழியை அடைத்தது. இனிப்பான நெற்றைத் தொடர்ந்து தின்ற ஆடுகளுக்குப் பல் சொத்தையாகி விழுந்தது. இல்சாமுஸ் என்ற மேய்ப்பர் சமூகத்தினர் அரசின்மேல் வழக்குத் தொடுத்து, பல் போன ஆடு ஒன்றையே நீதிமன்றத்துக்குச் சான்றாகக் கொண்டுபோனார்கள். இந்த மரம் வேண்டுமா என்று அவர்களை முதலில் கேட்டிருந்தால் ஆட்டுக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது. பின்னால் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்க வழிவிட்டார்கள், நம்மூரைப் போலவே.

கரி என்றதும் நகரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ நூறு கோடிப் பேர் இன்னும் விறகிலோ கரியிலோ சாணத்திலோ சமைக்கிறார்கள். கிராமத்துப் பெண் சுள்ளி பொறுக்குவதால் காடு அழிவது குறைவு. கின்ஷாசா, கம்பாலா போன்ற பெருநகரங்களுக்கு லாரியில் போகும் மூட்டைக் கரிதான் காட்டைத் தின்கிறது. மண்மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க ஐந்து கிலோவுக்கும் அதிகமான விறகு போகும். எரிவாயு உருளைக்கு ஒரேயடியாகப் பணம் கட்ட முடியாதவர் தினமும் ஒரு டப்பா கரி வாங்குகிறார். ஆண்டுக் கணக்குப் போட்டால் அவர்தான் அதிகம் செலவழித்திருப்பார்.

சாட் ஏரியின் படத்தையும் பார்த்திருப்பீர்கள். 1960-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர். 1980-களில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இரண்டு படங்களை மட்டும் அருகருகே வைத்து ஏரி மறைந்துகொண்டே வருகிறது என்று இன்றும் பகிர்கிறார்கள். ஆழமில்லாத ஏரி அது. மழை சற்றுக் குறைந்தாலும் பரப்பு பெரிதாகச் சுருங்கிவிடும். 1990-களிலிருந்து அது ஓரளவு தேறி நிற்கிறது.

விக்டோரியா ஏரியில் நடந்ததற்கு வானத்தின்மேல் பழி போடவே முடியாது. 1950-களில் காலனி அதிகாரிகள் அதில் நைல் பெர்ச் எனப்படும் பெரிய மீனை விட்டார்கள். 1980-களில் அது பெருகி, ஏரிக்கே உரிய சிறு மீனினங்களில் இருநூறு வரை அழிந்துபோயின. இந்த மீன் நூறு கிலோவைத் தாண்டியும் வளரும். ஆலைகளில் துண்டுபோட்டு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. நாடுகளுக்கு அந்நியச் செலாவணி, கரையில் வேலை, இரண்டும் உண்மை. ஆனால் பழைய சிறுமீனைப் பெண்கள் வெயிலில் காயவைத்து விற்றார்கள். கொழுப்புள்ள இந்தப் பெருமீன் வெயிலில் காயாது, புகைபோட விறகு வேண்டும். அதனால் கரையோர மரமும் போனது. தண்ணீரில் விட்ட மீன் கரையில் மரத்தை வெட்டும் என்று யார் நினைத்திருப்பார்கள்! கூடவே ஆகாயத்தாமரையும் வந்து படகுத்துறைகளை மூடியது. 1990-களின் இறுதியில் அதைத் தின்னும் வண்டுகளை விட்டும் இயந்திரங்களால் அரித்தும் கொஞ்சம் கட்டுப்படுத்தினார்கள்.

வெளியார் கொண்டுவந்து கொட்டுவது தனிக் கதை. 2006 ஆகஸ்டில் ஒரு கப்பலின் நச்சுக் கழிவு ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் பல இடங்களில் கொட்டப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். இத்தகைய இறக்குமதியைத் தடுக்க ஆப்பிரிக்க நாடுகள் 1991-லேயே பமாகோ உடன்படிக்கை செய்திருந்தன. காலநிலை மாற்றத்திலும் இதே வடிவம்தான். உலக மக்களில் ஏறத்தாழ 18 விழுக்காடு இக்கண்டத்தில் வாழ்கிறார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் வெளியாகும் கரியமில வாயுவில் இவர்கள் பங்கு சுமார் 4 விழுக்காடு.

கடைசியாக, மரத்திடம் கேட்ட 'யாருடையது?' என்ற கேள்வியை எண்ணெயிடமும் கேட்போம். நைஜீரியாவில், நைஜர் ஆறு கடலில் கலக்கும் நைஜர் டெல்டாவில் 1956-ல் ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. சதுப்புநிலக் கானகம், மீன்பிடி, மரவள்ளி விளையும் தோட்டங்கள் கொண்ட நிலம் அது. 1969-ன் பெட்ரோலியச் சட்டம் எண்ணெய் முழுவதையும் கூட்டாட்சி அரசின் உடைமையாக்கியது. 1978-ன் நிலச் சட்டம் நிலத்தையும் மாநில ஆளுநர்களின் பொறுப்பில் வைத்தது. கீழே இருப்பதும் தங்களுடையதல்ல, மேலே இருப்பதும் முழுக்கத் தங்களுடையதல்ல என்று ஆனவர்களின் ஓடைகளில்தான் கசிந்த எண்ணெய் மிதந்தது. அங்கே வாழும் ஓகோனி மக்களுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் இராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. 2011-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஓகோனி நிலத்தை ஆய்ந்தபோது, ஓரூரில் மக்கள் குடித்த கிணற்று நீரில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார அமைப்பின் அளவைவிட 900 மடங்குக்கும் மேல் இருந்தது. முழுமையாகத் தூய்மைப்படுத்த 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்றது அந்த அறிக்கை.

2021-ல் நைஜீரியா புதிய பெட்ரோலியச் சட்டம் கொண்டுவந்தது. நிறுவனங்கள் தங்கள் ஆண்டு இயக்கச் செலவில் 3 விழுக்காட்டை எண்ணெய் எடுக்கும் ஊர்களின் நிதிக்குக் கொடுக்க வேண்டும். ஊர்கள் கேட்டது 10 விழுக்காடு. அந்தச் சட்டத்திலேயே இன்னொரு பிரிவும் இருக்கிறது: குழாயோ கருவியோ நாசவேலையால் சேதமானால், பழுதுபார்க்கும் செலவு ஊரின் அந்த நிதியிலிருந்தே கழிக்கப்படும். குழாயை உடைப்பவர்களில் ஆயுதக் கும்பல்களும் திருட்டு எண்ணெய் வணிகர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க வேண்டிய காவல் துறையோ அரசின் கையில். காவலுக்கு அதிகாரம் தராமல் களவுக்கு மட்டும் ஊரைப் பொறுப்பாக்கும் இந்தப் பிரிவை டெல்டாக்காரர் ஒருவர் எப்படிப் படிப்பார் என்பதைப் புரிந்துகொள்ள, 1935-ன் வன ஆணைக்குப் பயந்து கன்றைப் பிடுங்கிய விவசாயியைத் தெரிந்திருந்தால் போதும்.